நடு ஹாலுக்குள்ள ஒரு சமுத்திரம்

வா பேராண்டி, உட்காரு. சிப்காட்டுல மூணு ஷிப்டு மாத்தி மாத்திப் பாத்து உடம்பெல்லாம் நோவுதுன்னு அழுதுட்டிருந்தவன், இப்போ சம்பளமில்லாத நாலாவது ஷிப்டுல சேர்ந்துட்டியாமே? நடு ஹால்ல கண்ணாடித் தொட்டி, உள்ள கடல் தண்ணி, பவளம், கலர் மீனு. பேஷ். இரும்பு உருக்கிப் பொழைக்கிற கும்மிடிப்பூண்டில பவளம் வளர்க்கணும்னு தோணுதுன்னா அது சாதாரண மூளையில்ல.

எனக்கு ஒண்ணு மட்டும் விளங்க மாட்டேங்குது. மெட்ராசுக்கும் ஆலைங்களுக்கும் ராப்பகலா மோட்டார் போட்டு உறிஞ்சினதுல, மீஞ்சூர்ப் பக்கம் பூமிக்கடியில கடல் தானா உள்ள பூந்துடுச்சு. கழனி வெச்சிருந்தவன் கிணத்துல வாய் வெச்சுப் பாத்துட்டுத் துப்பினான். அப்புறம் 2010ல காட்டுப்பள்ளில ஆலை திறந்து, கடல் தண்ணில இருந்து உப்பைப் பிரிச்சு, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல தண்ணியா மாத்த ஏற்பாடு பண்ணினாங்க. நீ என்ன பண்றே? போர் தண்ணியை ஆர்.ஓ. மிஷின்ல விட்டு உப்பையெல்லாம் கழட்டிக் கடாசிட்டு, கடைல பக்கெட் உப்பு வாங்கி லிட்டருக்கு 35 கிராம் கணக்கா மறுபடியும் கரைக்கிறே. 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ. அந்த மீஞ்சூர்க் கழனிக்காரன் காதுல இது விழாம பாத்துக்கோ.

பழவேற்காடு பக்கத்துலதானே, நாலு கேன் மொண்டுட்டு வந்தா என்னன்னு கேட்டேன். சிரிச்சே. சிரிச்சது சரிதான், ஒத்துக்கறேன். ஐப்பசி கார்த்திகைல ஆரணியாத்து வெள்ளம் இறங்கினா ஏரித் தண்ணில உப்பு கரைஞ்சு போயிடும். சித்திரை வைகாசில வத்தி, கடலை விடக் கரிக்கும். எறாவும் மடவையும் அந்தக் கூத்துக்குப் பொறந்ததுங்க. பவளம் அப்படியில்ல, வருசம் முழுக்க ஒரே உப்பு, ஒரே சூடு கேக்குற மகாராணி. எண்ணூர் முகத்துவாரத்துல மொள்ளலாம்னு மட்டும் நினைக்காதே. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் பரவினப்போ படகும் வலையும் கருத்துப்போய்க் கிடந்த இடம் அது.

தண்ணி ரெடி ஆச்சு, கல்லு வெச்சாச்சு, நீல லைட்டு போட்டாச்சு. மீனு எங்கேடான்னு அப்போ கேட்டா, இன்னும் ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும்னே. மீன் கழிவுல அம்மோனியா வருமாம். அதைத் தின்ன ஒரு கிருமி, அது விட்டதைத் தின்ன இன்னொரு கிருமி, ரெண்டும் கல்லுல குடி வந்தப்புறந்தான் மீனு விடணுமாம். வாஸ்தவம். அவசரப்பட்டு விட்டா மறுநாள் மிதக்கும். ஆனா வாரக்கணக்கா வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு, எதிர்ல நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தியே, உங்க அத்தை என்கிட்ட வந்து பயந்து போய்க் கேட்டா, “புள்ளைக்கு ஏதாவது மந்திரிக்கணுமா?”ன்னு.

அடுத்தது சூடு. தொட்டி 25, 26 டிகிரி தாண்டக் கூடாது. நம்மூர் மே மாசம் 40ஐத் தொடும். அதனால சில்லர் வாங்கினே. அது தண்ணில இருக்கிற சூட்டை உறிஞ்சிப் பின்னாடி ஹால்ல ஊதுது. தொட்டிக்குள்ள மீனு குளுகுளுன்னு நீந்துது, வெளிய உங்க பாட்டி விசிறியோட வெந்துட்டிருக்கா. அவ கோவத்துக்கு நான் பொறுப்பில்ல. ஆனா சில்லரை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். பவளத்தோட உடம்புக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு. வெளிச்சத்துல அது ஆக்கிப் போடுற சோத்துலதான் பவளம் உயிர் வாழுது. சூடு ஏறினா அந்தப் பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். 2016ல மன்னார் வளைகுடால அப்படித்தான் வெளுத்துச்சு. சமுத்திரத்துக்கே தாங்கல, உன் தொட்டி எம்மாத்திரம்.

ரெண்டு பவளத்தைக் கிட்ட கிட்ட வெச்சிருக்கியே, தள்ளி வை. பகல்ல சாதுவா நிக்கும். ராத்திரி ஆனா நீளநீளமாக் கொடுக்கை நீட்டிப் பக்கத்துல இருக்கிறதைக் கொட்டிச் சாகடிக்கும். நம்ம ஊர் வரப்புத் தகராறே தான், தாசில்தார் மட்டுந்தான் இல்ல.

இந்த எடத்துல காதைக் குடு. கொளத்தூர் மீன் கடைத் தெருவுல சுத்துறப்போ எவனாவது கிசுகிசுன்னு, “ராமேஸ்வரம் பீஸ் இருக்கு, உயிரோட இருக்கு”ன்னா, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்துடு. நம்ம கடல்ல இருக்கிற கல் பவளமெல்லாம் 2001லேயே வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குள்ள போயிடுச்சு. புலி இருக்கிற அதே அட்டவணை. கொறைஞ்சது மூணு வருசம், கூடினா ஏழு வருசம் உள்ள. ஹால்ல புலி கட்டி வெச்சா ஊரு பாக்கும். பவளம் வெச்சா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல நீயே ஊருக்குக் காட்டுறே! சட்டம் சும்மா வரல. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் மன்னார் வளைகுடால பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தானுங்க. 21 தீவுல பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தண்ணிக்குள்ள முழுகிப் போச்சு. எதை வாங்கினாலும் பில்லு கேளு, எங்கிருந்து வந்துச்சுன்னு காகிதம் கேளு. முழிச்சான்னா நடையைக் கட்டு.

கோமாளி மீனுக்குக் கவலையில்ல. மண்டபத்துலயும் பரங்கிப்பேட்டையிலயும் தொட்டியிலேயே முட்டை வெச்சுக் குஞ்சு பொரிக்க வெச்சிட்டாங்க. கடல்ல புடிச்சதைக் கேக்காதே, தொட்டியில பொறந்ததைக் கேளு. சாப்பாடு தெரியும், கண்ணாடி தெரியும். அதுங்க குடும்பம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எல்லாம் ஆணாவே பொறக்குது. கூட்டத்துல பெருசு எதுவோ அது பொம்பளையா மாறி அதிகாரம் பண்ணுது. முட்டைக்கு விசிறி வீசிக் காவல் காக்குறது புருஷன் வேலை. அவ செத்துட்டா அவனே பொம்பளை ஆகி சீட்டுல உட்கார்ந்துக்குறான். இதுக்கு மேல நான் பேசினா உங்க பாட்டி விசிறியைத் தூக்கி அடிப்பா.

விளையாட்டில்லாம ஒண்ணு சொல்றேன். குட்டிப் பூ மாதிரிக் கொத்தாப் பூத்திருக்கே ஒண்ணு, ஜோயான்னு செல்லமாச் சொல்றியே, அந்த வகையில சிலதுல கொடிய விஷம் இருக்கு. வெறுங்கையால தொடாதே, கையில வெட்டுக் காயம் இருந்தா கிட்டவே போகாதே. அது ஒட்டியிருக்கிற கல்லைச் சுத்தம் பண்றேன்னு வெந்நீர்ல கொதிக்க வெச்சிடாதே. ஆவியை மூச்சுல இழுத்தா வீடே ஆஸ்பத்திரிக்குப் போவணும்.

பேட்டரில ஓடுற காத்து மோட்டார் ஒண்ணு வாங்கி வெச்சியா? புயல் வந்தா கரண்டு நாள் கணக்குல போகும், மீனுக்கு மூச்சு நாழிக் கணக்குலயே போயிடும்.

உனக்குப் பொண்ணு பாக்க அரக்கோணம் போகணும்னு உங்கப்பன் சொல்றான். ரெண்டு நாளு தொட்டியைத் தாத்தா பாத்துக்கட்டும்னு நீ சொன்னியாமே? தண்ணி ஆவியாகிக் குறையும், உப்பு உள்ளேயே நிக்கும். அதனால நல்ல தண்ணி மட்டும் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தினா எல்லாம் காலின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னே. சொன்னது ஞாபகம் இருக்கு நைனா. எந்தக் குடத்துல நல்ல தண்ணி, எந்தக் குடத்துல உப்புத் தண்ணின்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போ. பெரிய எழுத்துல எழுது. எனக்கு இன்னும் கண் ஆபரேஷன் ஆகல.