ஒற்றைச் சைபர் சித்தப்பா

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெண்டைக்காய் விற்கிறவர்களுக்கு எங்கள் சித்தப்பாவைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு காயாக நுனி ஒடித்து, ஒடிகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அரைக் கிலோ தேறுவதற்குள் இரண்டு கிலோவை மூக்கறுத்து வைத்துவிடுவார். மருந்து அட்டையில் காலாவதித் தேதி, பெட்ரோல் பங்க்கில் சைபர், கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் என்று எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றபின், வருகிற புதுப் புது ஆன்லைன் காசினோக்களைத் தர ஆய்வு செய்யும் பொறுப்பைத் தாமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அவரைச் சூதாடி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "சூதாடுறவன் கண்ண மூடிக்கிட்டுப் போடுவான். நான் விசாரிச்சுட்டுப் போடுறேன். ரெண்டும் ஒண்ணா?" என்பார். சித்தி அடுப்படியிலிருந்து, "போடுறது ஒண்ணுதானே?" என்பாள். அதற்கு அவர் பதில் சொல்வதில்லை. கேள்வி ஆய்வு வரம்புக்குள் வராது.

இந்த வகை ஆட்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவசரக்காரர்கள் இல்லை, பேராசைக்காரர்களும் இல்லை. வட்டிக்கு வாங்கி விட்டுவிட்டு விட்டத்தைப் பார்க்கிற ரகமும் இல்லை. நிதானமானவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், பத்துப் பேருக்கு யோசனை சொல்கிறவர்கள். நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்றில் பத்தி பிரித்துக் கோடு போட்டு வைத்திருக்கிறார் சித்தப்பா. லைசென்ஸ், போனஸ், பணம் திரும்பும் வேகம், கஸ்டமர் கேர், பொது நடத்தை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க்.

லைசென்ஸிலிருந்து தொடங்குவார். காசினோ பக்கத்தின் அடியில் ஒரு முத்திரை இருக்கும். அதைத் தொட்டால் உரிமம் கொடுத்த அமைப்பின் பக்கம் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் இதே காசினோவின் பெயரைச் சொல்ல வேண்டும். வெறும் படத்தை ஒட்டி வைத்திருந்தால் சிவப்பு மையில் ஒரே அடி. இதில் அவரைக் குறை சொல்ல முடியாது, முறையான சோதனைதான். முத்திரைகளில் அடிக்கடி தென்படுகிற ஊர் குராசோ. பேத்தியின் அட்லஸை வாங்கி, வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் அந்தத் தீவைத் தேடிப் பிடித்துவிட்டார். நெதர்லாந்து முடியாட்சியைச் சேர்ந்தது என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "டச்சுக்காரன் கணக்குல கறார்டா."

அந்தத் தீவில் பல ஆண்டுகளாக நாலே நாலு பேர் மூல உரிமம் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அதை உள்வாடகைக்கு விடுவதுபோல் விட்டுக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் புதுச் சட்டம் வந்து அரசே நேரடியாக உரிமம் கொடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது என்று சொன்னேன். உள்வாடகை என்ற சொல் அவரை உலுக்கிவிட்டது. உறையூர் வீட்டு மாடியில் குடியிருந்தவன் அப்படிச் செய்துவிட்டுப் போனதில் ஆறு மாத வாடகை பாக்கி. குராசோவின் மார்க் நாலிலிருந்து இரண்டாக இறங்கியது. மால்டாவுக்கு நாலரை. ஆன்டிகுவாவுக்கு முழு ஐந்து. 1994-லேயே சட்டம் போட்டு இணையச் சூதாட்டக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட தீவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் சொன்னது: "விவியன் ரிச்சர்ட்ஸ் ஊருடா. அந்த ஊர்க்காரன் ஏமாத்த மாட்டான்."

லைசென்ஸ் தேறினால் சக்கரத்துக்குப் போவார். சித்தப்பாவின் கொள்கைப் பிடிப்பு முழுக்க ரூலெட் சக்கரத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு சைபர், ஆக 37 குழி. எண்ணைச் சரியாகச் சொன்னவனுக்கு ஒன்றுக்கு 35 கொடுப்பார்கள். 36 கொடுத்தால்தான் சரிக்குச் சரி. அந்த ஒன்றை நிறுத்திக்கொள்வதில் கட்டிய நூறு ரூபாய்க்குச் சராசரி 2 ரூபாய் 70 காசு கடைக்காரனுக்கு நிற்கும். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைச் சைபர் ஒன்றும் சேர்ந்து 38 குழி. கொடுப்பது அதே 35. நிற்பது 5 ரூபாய் 26 காசு. இந்தக் கணக்கைச் சித்தப்பா துண்டுக் காகிதத்தில் தாமே போட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "ரெண்டு சைபர் வச்சிருக்கான், படுபாவி! பகல் கொள்ளை!"

"ஒரு சைபர் வச்சவனும் எடுக்கத்தானே செய்யுறான், சித்தப்பா?"

"அது நியாயமான லாபம்டா. கடை வாடகை, கரண்டு பில் இல்லையா அவனுக்கு?"

அதிலிருந்து எந்தக் காசினோவைப் பற்றிச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஒத்தச் சைபரா, ரெட்டச் சைபரா?" என்பதுதான். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் இதே ஞாபகத்தில் பையனின் சம்பளத்தைக் கேட்டுச் சபையைக் கலவரப்படுத்தியது தனிக்கதை.

ஸ்லாட் இயந்திரங்களில் "திரும்பக் கிடைப்பது 96 சதவீதம்" என்று போட்டிருப்பான். அதைப் படித்த அன்று சித்தப்பா உருகிப்போனார். நூறு போட்டால் தொண்ணூற்றாறு திரும்பும் என்று இவ்வளவு வெளிப்படையாக எந்தச் சீட்டுக் கம்பெனி சொன்னது என்று கேட்டார். அந்தத் தொண்ணூற்றாறு என்பது லட்சக்கணக்கான சுழற்சிகளின் சராசரி. திரும்பி வந்ததை மறுபடி போட, அதிலும் நாலு சதவீதம் போக, மறுபடி போட என்று அதே பணம் சுற்றிச் சுற்றித் தேய்ந்துகொண்டே போகும். ஆயிரம் ரூபாயோடு உட்கார்ந்து, பத்துப் பத்தாக ஆயிரம் தடவை சுற்றினால் பந்தயம் வைத்தது பத்தாயிரம் ஆகிறது. சராசரிப்படி நானூறு போயிருக்கும். இதைச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். தலையாட்டுவார். பிறகு, "ஆனா தொண்ணூத்தி நாலு போடுறவனும் இருக்கான், தெரியுமா?" என்பார்.

போனஸ் பத்தியில்தான் அவருடைய மேதைமை முழுதாக வெளிப்பட்டது. பத்தாயிரம் கட்டினால் பத்தாயிரம் இனாம் என்று ஒரு காசினோ அழைத்தது. மற்றவர்கள் அதோடு விழுந்துவிடுவார்கள். சித்தப்பா நிபந்தனைகளை எழுத்தெழுத்தாகப் படித்தார். போனஸ் தொகையைப் போல 35 மடங்கு பந்தயம் வைத்து முடித்தால்தான் பணத்தை வெளியே எடுக்கலாம். அதாவது மூன்றரை லட்சம். நூற்றுக்கு நாலு போனால் அதில் பதினாலாயிரம் கரையும். பத்தாயிரம் இனாமுக்குப் பதினாலாயிரம் செலவு. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ஸ்லாட்டில் வைத்தால்தான் முழுக் கணக்கு, ரூலெட்டில் வைத்தால் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். அப்படியானால் அவருக்குப் பிரியமான ஒற்றைச் சைபரில் முப்பத்தைந்து லட்சம் பந்தயம் வைக்க வேண்டும். போவது தொண்ணூற்று நாலாயிரத்து ஐந்நூறு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். இந்த மனிதர் கரையேறிவிட்டார் என்றுதான் நானும் சித்தியும் நினைத்தோம்.

"புரிஞ்சுதாடா? போனஸே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, சொந்தக் காசுல ஆடணும். அதான் சூட்சுமம்."

அன்றே ஆடவும் செய்தார்.

கஸ்டமர் கேர் ஆய்வு ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும். பகலில் எவனும் பதில் சொல்வான், இரண்டு மணிக்குச் சொல்கிறானா என்பதுதான் சோதனையாம். "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பொருமைக்கு நன்றி" என்று இயந்திரத் தமிழ் வந்து விழும். சித்தப்பா உடனே, வல்லின றகரம் போட வேண்டும் என்று திருத்தி அனுப்புவார். "உங்கள் பொருமை எங்களுக்கு முக்கியம்" என்று மறுபடி வரும். மறுபடி திருத்துவார். பணம் எங்கே என்று கேட்கப் போனவர், நாலு மணி வரை எழுத்துப்பிழை திருத்திவிட்டு, அவன் கடைசிவரை கோபித்துக்கொள்ளவே இல்லை என்பதற்காக நாலு மார்க் போட்டுவிட்டுப் படுத்தார்.

நேரலை மேசை என்று ஒன்று உண்டு. லாட்வியாவின் ரிகா போன்ற ஊர்களில் ஸ்டூடியோ வைத்து, ஒரு பெண் நிஜச் சக்கரத்தை நிஜமாகச் சுற்றுவதைக் கேமராவில் காட்டுவார்கள். அங்கே குளிர்காலம் என்பதால் அந்தப் பெண் ஒருநாள் தும்மினாள். சித்தப்பா கணினிப் படம் இல்லை, அசல் மனுஷிதான் என்று உறுதி செய்துகொண்டார். டைரியில் "தும்மல் – உண்மை" என்று பதிவு இருக்கிறது.

ஆனால் அவருடைய ஆய்வின் சிகரம் சோதனைப் பட்டுவாடாதான். ஐந்நூறு கட்டி, கொஞ்சம் ஆடி, முந்நூறை எடுத்துப் பார்ப்பது. இருபது நிமிடத்தில் பணம் வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் பறந்தது: "சொன்னபடி கொடுத்தான்." முந்நூறைக் கொடுப்பதில் யாருக்கு என்ன கஷ்டம்? அது தூண்டில் புழு. ஐம்பதாயிரம் கேட்கிறபோதுதான் ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம், ரத்து செய்த காசோலை, கையில் தேதி எழுதிய காகிதத்தோடு ஒரு செல்ஃபி, அதில் காது தெரியவில்லை என்று இன்னொரு செல்ஃபி என்று இழுப்பார்கள். இழுக்கிற நேரத்தில், "எடுப்பதை ரத்து செய்து மீண்டும் ஆடலாமே" என்று ஒரு பொத்தான் கண்ணெதிரே மினுக்கிக்கொண்டே இருக்கும். பலருடைய பணம் அந்தப் பொத்தானில்தான் திரும்பிப் போகிறது.

பணம் கட்டும்போது யுபிஐ-யில் தெரிகிற பெயரையும் சித்தப்பா குறித்து வைத்திருக்கிறார். ஒருநாள் ஏதோ டிரேடர்ஸ், மறுநாள் ஒரு ஃபேன்சி ஸ்டோர், அடுத்த நாள் யாரோ ஒரு தனியாள், ஒருமுறை பழக்கடை. காசினோ பணம் ஏன் பழக்கடைக்குப் போகிறது என்று எவனுக்கும் சந்தேகம் வர வேண்டும். "பல தொழில் பண்ணுறான். பரந்த நிறுவனம்" என்பது இவர் முடிவு. அவருக்கு வந்த முந்நூறு எவருடைய கணக்கிலிருந்து வந்ததோ, அந்தக் கணக்கின் மேல் வேறொரு மாநிலத்தில் சைபர் குற்றப் புகார் இருந்திருக்கிறது. முந்நூறு ரூபாய்க்காக வங்கி இவருடைய பென்ஷன் கணக்கை முடக்கிவிட்டது. இரண்டு மாதம் சித்தியின் சிறுவாட்டில்தான் வீடு நடந்தது. காசினோ மேல் சித்தப்பா கோபப்படவே இல்லை. "அவன் குடுத்துட்டான்டா. நிறுத்தினது பேங்க்கு" என்று வங்கிக்கு மார்க் குறைத்தார்.

சட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது, 2022-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் சட்டமானது எல்லாம் தேதியோடு சொல்வார். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை அப்படியே நிற்க வைத்தது. 2025-இல் ரம்மிக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை கடையடைப்பு என்று விதி வந்தபோது, சித்தி அரசாங்கத்துக்கு ஒரு கற்பூரம் ஏற்றினாள். அந்த ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்ததும், இந்திய முகவரி வைத்திருந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பண ஆட்டத்தை நிறுத்தின. இப்போது வருவதெல்லாம் டெலிகிராமில் முளைக்கும் லிங்க். இன்றைக்குத் திறக்கிற முகவரி நாளைக்குத் திறக்காது. கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரும்.

"மத்தியச் சட்டம் கம்பெனியத்தான் புடிக்குது, ஆடுறவன இல்ல" என்பது சித்தப்பாவின் வாதம். மாநிலச் சட்டத்தில் ஆடுகிறவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டுமே உண்டு என்று காட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு தரம் படித்தார். டைரியில் "இதர செலவு – 5,000" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

இருபதுக்கு மேற்பட்ட காசினோக்கள் அவர் கையில் தோற்றுப்போயின. ஒன்றே ஒன்று இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று வாங்கித் தேறியது. ஒற்றைச் சைபர், தொட்டால் திறக்கிற முத்திரை, தும்முகிற பெண், கேட்ட அரைமணியில் பணம். மற்றவற்றில் ஐந்நூறு ஐந்நூறாகச் சோதித்து விலகியவர், இதில் நிம்மதியாக உட்கார்ந்தார். தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்தது, ஸ்கூட்டர் விற்றது, எல்.ஐ.சி. முதிர்வுத் தொகையில் ஒரு பங்கு என்று போனதெல்லாம் இதில்தான். மோசடிக் காசினோக்கள் எல்லாம் சேர்ந்து அவரிடம் பிடுங்கியது ஒரு மிக்சி விலை தேறாது.

"அவனக் குத்தம் சொல்ல முடியாதுடா. ஆட்டத்துல போச்சு. ஒரு பைசா கணக்குப் பிசகல" என்றார். அவர் குரலில் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

அந்தக் காசினோ அவரை மதித்து ஒரு சிபாரிசுக் குறியீடும் கொடுத்திருக்கிறது. அவர் மூலம் சேருகிறவர்கள் விடுகிற பணத்தில் இவருக்கு ஒரு பங்கு. அண்ணா ஸ்டேடியத்தில் காலை நடைக்கு வருகிற நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நம்பகமானதாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டார். சித்தப்பா டைரியைப் பிரித்துக் காட்டிவிட்டு லிங்க்கை அனுப்பினார். வாத்தியார் குறியீட்டைப் பார்த்துவிட்டார்.

"நான் தோத்தா உங்களுக்கு எவ்வளவு சார் வரும்?"

"முப்பது பர்சென்ட்."

"ஜெயிச்சா?"

"ஒண்ணும் வராது. அத எவ்வளவு வெளிப்படையா போட்டிருக்கான் பாருங்க. அதுக்கே நான் அஞ்சு மார்க் குடுத்தேன்."