முதலில் எந்த விமானம்?

புதிதாகப் பதவியேற்கும் மாலத்தீவு அதிபர் முதலில் டெல்லிக்கு ஒரு நடை வந்து போவது வழக்கம். ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு 2023-இல் ஜெயித்த முகமது முய்சு அந்த வழக்கத்துக்கு முழுக்குப் போட்டார். முதலில் துருக்கி; 2024 ஜனவரியில் சீனா. மாலத்தீவில் இருந்த, நூறு பேர்கூடத் தேறாத இந்திய ராணுவத்தினர் மே 10-க்குள் மூட்டை கட்டினார்கள். அவர்கள் இயக்கிய ஹெலிகாப்டர்களோ அங்கேயே நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்தே சிவில் ஆட்கள் போனார்கள். சீருடைதான் கண்ணை உறுத்தியது போலும்!

கஜானா காய்ந்ததும் திசை தெளிந்தது. அக்டோபரில் மனைவியோடு டெல்லிக்கு வந்தார். 40 கோடி டாலர், கூடவே 3,000 கோடி ரூபாய் என்று நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. போகிறபோக்கில் தாஜ்மகாலையும் பார்த்துவிட்டார்கள். 2025 ஜூலையில் மாலத்தீவின் 60-ஆவது சுதந்திர தின விழாவுக்கு அவர் அழைத்த சிறப்பு விருந்தினர், நரேந்திர மோடி.