ஏழுமுக உருளைக்கிழங்கு

சமையலுக்கு ஒலிம்பிக் உண்டா என்று கேட்டால், உண்டு. கொத்தனாருக்கும் தச்சருக்கும்கூட உண்டு. 1950-ல் ஸ்பெயினில் பிறந்த வேர்ல்ட்ஸ்கில்ஸ் போட்டி இப்போது ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பெரும்பாலான பிரிவுகளில் வயது வரம்பு 22. நம் வீட்டுப் பையன்களுக்குக் கேஸ் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவருவதே அந்த வயதில்தான்.

சமையல் பிரிவில் பயிற்சி என்றால் தவம். கேரட்டை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதுரத் துணுக்குகளாக நறுக்க வேண்டும், ஒன்றுபோல் ஒன்று. உருளைக்கிழங்கைப் பீப்பாய் வடிவில் ஏழு முகம் வரச் செதுக்க வேண்டும். முருகனுக்கே ஆறுதான். இவ்வளவு செதுக்கினால் சீவல் குவியாதா? குவியும். நடுவரோ தட்டோடு நிற்காமல் குப்பைத்தொட்டியையும் எட்டிப் பார்ப்பார். வீணடித்தால் மதிப்பெண் போச்சு. செதுக்கு என்பவரும் அவரே, செதுக்கியதை ஏன் எறிந்தாய் என்பவரும் அவரே. மாமியார்கள் இந்த வேலைக்கு விண்ணப்பிக்காதது ஆச்சரியம்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் சீவலையெல்லாம் சூப்புக்கான ஸ்டாக் பானையில் போட்டுக் கொதிக்கவிட்டுத் தப்பிக்கிறார்கள்.

2024-ல் பிரான்சின் லியோன் நகரில் போட்டி. பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்கே போய் பேஸ்ட்ரி பிரிவில் இந்தியா வெண்கலம் வாங்கியது. அதில் கேலிக்கு இடமில்லை. கேலி நம்மேல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டரிங் படிக்கிறான் என்றால், "வேற சீட் கிடைக்கலையா?" என்போம். பதக்கம் வந்துவிட்டால் அவனே "நம்ம பையன்". கூடவே, அடுத்த மாதக் காதுகுத்துக்கு முந்நூறு இலைக்கு என்ன ரேட் என்ற விசாரிப்பும்.