ஓர் ஆயில் சீல் மாற்றப் போய்

பூண்டியில் ஜீப் வைத்திருப்பவனுக்கு ஒரு மமதை தானாக வந்துவிடும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி வந்து சேருகிற ஊர் இது. ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதையில் மட்டக்குதிரையும் ஜீப்பும்தான் மூட்டை சுமக்கும். மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் யாரும் தங்களைக் கால்நடை டாக்டர் என்று நினைத்துக்கொள்வதில்லை. நான் மட்டும் என்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஜீப்பின் இடது பின்சக்கரத்து உள்பக்கம் கொஞ்ச காலமாகவே கறுப்பாக நனைந்து கிடந்தது. பிரேக் மிதித்தால் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது. ஆயில் சீல் போய்விட்டது, பின் அச்சு ஹவுசிங்கிலிருந்து ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை ஊறவைத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஆயிலை மேலே மேலே ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம், "மலை வண்டின்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி.

ஒருநாள் வெயில் நன்றாக அடித்ததால், சீலை நானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். சின்ன ரப்பர் வளையம், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிகிற வேலை. ஜாக்கி ஈரமண்ணில் புதைந்தது, பலகை போட்டேன். சக்கரம் வந்தது. நட்டும் வந்தது. ஹப் மட்டும் வரவில்லை.

இந்த ரக ஜீப்பில் பின் ஷாப்டின் முனை கூம்பாக இருக்கும். ஒரு சாவிக்கட்டையை வைத்து, ஹப் அதன்மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே உள்ள புல்லரைப் போட்டு இழுத்தால்தான் வரும். என்னிடம் புல்லர் இல்லை, சுத்தியல் இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தார். "சார், அடிச்சா வராது. புல்லர் போடணும்" என்றார். நான் அவருக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்: 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வண்டி, போர்முனையில் சிப்பாய்களே பழுதுபார்த்த வண்டி, இதற்கு விசேஷக் கருவியெல்லாம் எதற்கு என்று. பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ராணுவ ஜீப்பில் சில போல்ட்டுகளைக் கழற்றினால் பின் ஷாப்டை அப்படியே உருவிவிடலாம். கூம்பு முனை பிற்கால சிவிலியன் ஜீப்புகளில் வந்த சங்கதி. நான் சரித்திரமும் சரியாகப் படிக்கவில்லை, இயந்திரமும் சரியாகப் படிக்கவில்லை. அதற்குள் ஷாப்டின் முனை நசுங்கி, மரை மழுங்கி, கழற்றிய நட்டு திரும்ப ஏறாது என்று ஆகிவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் கொடைக்கானலிலிருந்து மெக்கானிக் அண்ணன் புல்லரோடு வந்து இறங்கினார். அவர் முதலில் ஹப்பைத் தொடவே இல்லை. வண்டிக்கடியில் படுத்து, ஹவுசிங் மேலே எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

"சீல் இருக்கட்டும் சார். அது எதனால போச்சு?"

எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. ஹவுசிங் மேல் பிரீதர் என்று விரல்நுனி அளவில் ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது. என்னுடையது செம்மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாகிப்போயிருந்தது. ஏற்றத்தில் ஓடும்போது உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரியும். போக வழியில்லையென்றால், வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி, எங்கே இளக்கமோ அங்கே பீறிடும். இளக்கமான இடம் சீல்தான். இது பாதிக் கதை. சூடான ஹவுசிங்கோடு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரையே உறிஞ்சும். மதுரையிலிருந்து விருந்தாளிகள் வரும்போதெல்லாம், அவர்கள் போட்டோ எடுப்பதற்காக, ஓடைக்கு நடுவில் வண்டியை நிறுத்தி நான் ஆற வைத்ததெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. சொல்லவில்லை.

வடிகால் போல்ட்டைத் திறந்தார். ஆயில் வெளுத்துக் குழகுழவென்று இறங்கியது. அதற்கப்புறம் புல்லர் போட்டு ஹப்பை இழுத்ததும் ஒவ்வொன்றாக வந்தது. பேரிங்கில் துருப்புள்ளி. சீல் உரசுகிற இடத்தில் ஷாப்டில் பள்ளம் விழுந்திருந்தது. புதுச் சீல் போட்டிருந்தாலும் அது கசிந்திருக்கும். கிரவுன் பல்லில் பொத்தல். ஸ்பிரிங் பட்டைகளில் மெயின் பட்டையில் யூ போல்ட்டுக்கு அடியிலேயே விரிசல், அதற்கு மேலே சேஸில் தலைமுடி அளவுக்கு இன்னொரு விரிசல்.

ஷிம் கதையைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஷாப்டின் உள்-வெளி ஆட்டத்தைக் கட்டுப்படுத்த ஷிம் என்று மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். பழைய ஜீப்பில் இரண்டு ஷாப்டும் நடுவில் ஒரு கட்டையில் முட்டி நிற்பதால், இடப்பக்கம் ஒரு தகடு கூடினாலும் குறைந்தாலும் வலப்பக்கத்து ஆட்டமும் மாறிவிடும். அன்று ஹப் வந்தபிறகு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று கழற்றிய தகடுகளை வாங்கிய நான், ஏதோ காகிதக் கழிவு என்று நினைத்து மடக்கி டப்பாவில் திணித்துவிட்டேன். அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். திட்டவில்லை. "சார், நீங்க ஒரு டீ போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க எனக்கு அந்த வேலைதான்.

சாமான்கள் வத்தலக்குண்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் பஸ் ஏறி வந்தன. முதலில் வந்த பேரிங் அளவு சரியில்லை. அளவைச் சொன்னது நான். இதற்குள் பூண்டு பிடுங்கும் பருவம் வந்துவிட்டது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு, என் தோட்டத்திலிருந்து வாடகை மட்டக்குதிரை முதுகில் ரோட்டுக்கு ஏறி, அங்கிருந்து வடுகபட்டி சந்தைக்குப் போனது. "ஜீப்பு என்னாச்சு சார்?" என்றார் குதிரைக்காரர். "சர்வீஸ்ல இருக்கு" என்றேன். வண்டி அவர் கண்ணெதிரே சக்கரமில்லாமல் கட்டைமேல் நின்றது.

அந்த முறை பூண்டில் வந்த காசு பின் அச்சுக்கும் வெல்டிங்குக்கும் போனது. இத்தனைக்கும் காரணமான பிரீதரை அண்ணன் டீசலில் கழுவி, ஊதி, திரும்ப மாட்டினார். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பழைய ஜீப் வைத்திருக்கிறீர்களா? பின் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர் மூடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் கழற்றிக் கழுவிவிடுங்கள். ஓடையில் இறங்கி வந்திருந்தால் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் மொத்தமாக மாற்றுங்கள். ஹப் கழற்ற வேண்டியிருந்தால் பூண்டிக்கு வாருங்கள். புல்லர் இப்போது என்னிடம் இருக்கிறது.