நிலைநிற்கத்தக்கதல்ல

டீச்சர் மஞ்சள் பையிலிருந்து அந்த உத்தரவை எடுத்து என் மேஜைமேல் விரித்தார். நாலாக மடித்து மடித்து மடிப்போரம் கிழிந்துபோய், பின்பக்கம் கோந்து தடவி ஒட்டியிருந்தது. "தம்பி, இதுல என்னதான் எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. நான் தென்மாவட்டத்தில் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர், வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். 1991.

அந்த உத்தரவை எழுதியவன் நான். வரைவு என்னுடையது, கையெழுத்து மட்டும் அதிகாரியுடையது. டீச்சருக்குத் தேர்வுநிலை ஊதியம் கொடுத்தபோது அலுவலகம் ஒரு ஊதிய உயர்வைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டது. ஆறு வருடம் கழித்துத் தணிக்கையில் அது அகப்பட்டது. கூடுதலாகப் பெற்ற தொகையை மாதத் தவணையாகப் பிடித்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. தப்புக் கணக்குப் போட்டது டீச்சர் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பவும் இல்லை. இதெல்லாம் அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை. படித்துக் காட்டினேன். கோப்பில் என்ன குறிப்பு இருக்கிறது, ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டார். அலுவலகக் குறிப்பை வெளியே தரக்கூடாது டீச்சர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

டீச்சர் வக்கீல் பார்த்தார். டீச்சர் வீட்டுப் பாகப்பிரிவினையை முடித்துக் கொடுத்தவர், எங்கள் ஊரில் சொத்து வழக்கென்றால் முதலில் சொல்லும் பெயர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். அவர் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டுத் தடையுத்தரவும் வாங்கிவிட்டார். டீச்சர் அலுவலகத்துக்கே வந்து காட்டிவிட்டுப் போனார்.

எதிர்வழக்குரைக்குப் பாராவாரிக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் பாராவில் நான் எழுதிய வரி இன்றும் மனப்பாடம்: இவ்வழக்கு சட்டப்படி நிலைநிற்கத்தக்கதல்ல.

அது சரியான வரி. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். 1985-ல் வந்த நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் கீழ் 1988 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தீர்ப்பாயம் சென்னையில் தொடங்கிவிட்டது. மாநில அரசு ஊழியரின் பணி சம்பந்தமான வழக்கு அங்கேதான் போக வேண்டும். முன்சீப் கோர்ட்டுக்கு அதை விசாரிக்க அதிகாரமே கிடையாது. டீச்சரை ஒன்றியத்து ஊழியர் என்று அந்த வக்கீல் நினைத்தாரோ, தீர்ப்பாயத்தை யோசிக்காமலே விட்டாரோ. பாகப்பிரிவினையில் எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் இந்த இடத்தில் அது கைகொடுக்கவில்லை. கண்காணிப்பாளர் என் குறிப்பைப் படித்துவிட்டு, "பிழைச்சுக்குவேடா" என்று முதுகில் தட்டினார். எனக்கு அன்று முழுக்க சந்தோஷம்.

இரண்டரை வருடம் கழித்து கோர்ட்டும் அதையே சொல்லிப் பிராதைத் தள்ளியது. தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால் அங்கே ஒரு வருடக் கெடு, அது எப்போதோ தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போட வேண்டும். டீச்சர் திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி சென்னை போய், பாரிமுனையில் இறங்கி, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அலைந்துவிட்டு வந்தார். இரண்டாவது தடவையும் போனார். மூன்றாவது தடவை போகவில்லை. "விடுங்க தம்பி, புடிச்சுக்கட்டும்" என்றார். பிடித்தோம். ஓய்வு பெறும்போது பாக்கியைப் பணிக்கொடையில் கழித்தோம். அந்தக் கணக்கையும் நான்தான் போட்டேன்.

நான் கண்காணிப்பாளராக 2023 ஜூலையில் ஓய்வு பெற்றேன். நாலாவது மாதம் பதிவுத் தபாலில் ஒரு உத்தரவு வந்தது. 2009-ல் ஊதியத் திருத்தம் வந்தபோது எனக்குச் செய்த நிர்ணயம் தவறாம். கூடுதலாகப் பெற்ற தொகை ரூ.2,86,000. நிறுத்தி வைத்திருக்கும் பணிக்கொடையிலிருந்து அது பிடித்தம் செய்யப்படும். வாசகம் முழுக்க நான் வருடக்கணக்காக எழுதிவந்த வாசகம், பாரா பிரித்த விதம்கூட. படித்து முடித்ததும் எனக்கு அந்த மஞ்சள் பைதான் கண்முன் வந்து நின்றது.

என் மைத்துனருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் உள்ளூரில் இருந்தார். உத்தரவின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. "ஒரு ரிட் போட்டா முடிஞ்சுது அண்ணாச்சி, வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். மைத்துனருக்கு வருத்தம். ஆனால் முதல் வாசலிலேயே ஒருவரின் இரண்டரை வருடம் வீணானதைக் கூட இருந்து பார்த்தவன் நான்.

ஓய்வூதியர் சங்கத்தில் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். எல்லாரிடமும் கேள்வி ஒன்றுதான். மதுரையில் சர்வீஸ் மேட்டர் மட்டுமே பார்ப்பவர் யார்? நல்ல வக்கீல் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சர்வீஸ் மேட்டர் யார் என்று கேட்டதற்கு இரண்டே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. என் மகள் போனில் உயர் நீதிமன்றத்தின் காஸ் லிஸ்ட்டைத் திறந்து ஒரு வாரத்துக்குத் தினமும் பார்த்தாள். பணி வழக்குகள் வரிசையில் அந்த இரண்டில் ஒரு பெயர் அநேகமாக எல்லா நாளும் இருந்தது. அவரிடம் போனேன். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தது எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டேன். காலையில் புறப்பட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் மாட்டுத்தாவணி. டீச்சருக்கு அது இல்லை. அவர் தேடி அலைந்த அந்தத் தீர்ப்பாயமும் இப்போது இல்லை. 2006-ல் அதைக் கலைத்து வழக்குகளை உயர் நீதிமன்றத்துக்கே மாற்றிவிட்டார்கள்.

வக்கீல் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். உத்தரவைக் கையில் வாங்கியதும் ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் தேதி தேதியாகக் குறித்தார். உத்தரவு தேதி, என் கைக்கு வந்த தேதி, தணிக்கைத் தடையின் தேதி, நான் ஓய்வு பெற்ற தேதி. "தபால் கவர் இருக்கா சார்?" என்றார். இருந்தது. அதன் முத்திரையையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். "பணத்தைப் பிடிச்சுட்டாங்களா, இனிமேதான் பிடிக்கப் போறாங்களா?" என்று கேட்டார். பிடிக்காவிட்டால் தடை கேட்கலாம், பிடித்துவிட்டால் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்குத் தக்கபடி வேண்டுகோள் பாரா மாறும் என்று விளக்கினார். உத்தரவை ரத்து செய்து அதோடு ஒரு கட்டளையும் கேட்கிற மனுவுக்கு நம் உயர் நீதிமன்றத்தில் சர்ட்டியோரரிஃபைடு மாண்டமஸ் என்று பெயர். அந்த வார்த்தையை முப்பது வருடமாகக் கோப்பில் எழுதிவந்தவன், அதன் பொருளை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "2009-ல புதுச் சம்பளத்துக்கு ஆப்ஷன் கொடுத்தப்ப, கூடுதலா வந்திருந்தா திருப்பிக் கட்டுறேன்னு எழுதிக் கொடுத்தீங்களா?"

ஞாபகமில்லை என்றேன்.

"ஞாபகமில்லைன்னு அஃபிடவிட்ல எழுத முடியாது சார். பார்த்துட்டு வாங்க."

ஏன் அதைக் கேட்டார் என்பதையும் சொன்னார். பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எங்கெங்கே பிடித்தம் கூடாது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. கீழ்நிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த பணம், இப்படி. நான் துள்ளிக் குதிக்காத குறை. அவர் கையமர்த்தினார். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் சொல்லியிருக்கிறது. பின்னால் 2022-ல் கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கில் ஓய்வுக்குப் பிறகு பிடிப்பது தகாது என்றது. "அரசாங்க வக்கீல் முதல்ல ஜக்தேவ் சிங்கைத்தான் எடுத்து வைப்பார். அவர் வைக்கிறதுக்கு முன்னாடி அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டேன். பணிப்பதிவேட்டுப் பக்கங்களும், ஆப்ஷன் படிவமும், தணிக்கைக் குறிப்பின் நகலும் வந்து சேர்ந்தன. டீச்சருக்கு நான் மறுத்த அதே மாதிரிக் காகிதங்கள். அவை வந்த கவரைச் சற்று நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

ஆப்ஷன் படிவத்தின் அடியில் உறுதிமொழி இருந்தது. கீழே என் கையெழுத்து.

கை நடுங்க மதுரைக்குக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "நல்லது சார், இப்பவே தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். அதை மறைக்கவில்லை. மனுதாரர் உறுதிமொழியில் கையெழுத்திட்டது உண்மை என்று மனுவிலேயே எழுதினார். நோட்டீஸ் கொடுக்காமல் பணப்பலனைப் பறித்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்பதை முதல் காரணமாக வைத்தார். தவறான நிர்ணயம் அலுவலகம் செய்தது, பதினாலு வருடம் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை, மனுதாரர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதெல்லாம் அடுத்தடுத்து. கட்டணத்தை எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஜெயித்துவிடுவோம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஒரு பெண் என்றால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு என்பதையும் அவர் பேச்சோடு சொன்னார். அதற்கான சட்டம் 1987-ல் இயற்றப்பட்டது, நடைமுறைக்கு வந்தது 1995-ல். டீச்சர் மூன்றாவது தடவை சென்னை போகாமல் நின்றது அதற்கு முன்னால். நான் கேட்டுவைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அங்கன்வாடி ஊழியர் ஒருவருக்குக் கடந்த மாதம் இதைச் சொல்லி, சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நானே கூட்டிப்போனேன்.

மனு எண்ணாகி இடைக்காலத் தடையும் கிடைத்தது. வழக்கு நடக்கிறது. அரசுத் தரப்பின் பதிலுரை போன வாரம் வந்தது. ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் முதல் பாராவை வக்கீல் அம்மா வாசித்தபோது என் காதில் அது தமிழில்தான் விழுந்தது. நிலைநிற்கத்தக்கதல்ல. "இதை எல்லாத்துலயும் போடுவாங்க, பயப்படாதீங்க" என்றார்.

நான் பயப்படவில்லை. அந்தப் பாராவாரிக் குறிப்பை யார் எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் கடைசி வருடத்தில் வழக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த பையன், சூட்டிகையானவன். எப்படி எழுதுவது சார் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான். பீரோவின் இரண்டாம் தட்டிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து, தூசி தட்டி, "இதைப் பார்த்து எழுது தம்பி" என்று அவன் கையில் கொடுத்தேன். மேலட்டையில், என் இளவயதுக் கையெழுத்தில், டீச்சரின் பெயர் இருந்தது.