எங்கள் ஐயாவின் ஆயத்தம்

வருகிற வருஷத்துக்கான பிரசங்கங்களுக்கு ஒக்டோபரிலேயே ஆயத்தமாகும் போதகர் ஒஸ்லோவில் எங்கள் சபைக்கு வாய்த்தது பூர்வ புண்ணியம் என்பேன். வேதத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை என்றாலும்.

டிசம்பரில் மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும் ஊர். மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுக்க, ஐயா புத்தகம் வரவழைப்பார். எபிரேய அகராதி, கிரேக்க அகராதி, தடித்தடியான வேத வியாக்கியானங்கள். அவற்றைப் பேணும் பக்குவத்தை எங்கும் காண முடியாது. ஒரு தாள் மடங்கியதில்லை, ஒரு வரியில் பென்சில் பட்டதில்லை. சிலவற்றின் கண்ணாடித்தாள் உறையே இன்னும் பிரியவில்லை.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கை அனுப்பியவர் நான்காம் பிரெடெரிக். டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் அன்று அவரே ராஜா என்பதால், ஐயாவை அந்த மிஷனரியோடு ஒப்பிட எனக்கு உரிமை உண்டு. அந்த மனிதர் காலை முதல் தமிழ்ச் சுவடிகளோடு கிடந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க 1708இலிருந்து 1711வரை உழைத்தார். பாவம், யூரியூப் இல்லாத காலம். எங்கள் ஐயாவுக்குச் சனி இரவு ஒன்று போதும். சென்னைப் பிரசங்கியார் ஒருவரைக் கேட்டு முடித்து, காலையில் அதே இடத்தில் அதே அளவு தழுதழுப்பார். போன மாதம், "தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொன்னார். ஐயா சென்னைப் பக்கம் போனதே இல்லை. ஆவியானவருக்குத் தூரம் ஒரு பொருட்டா?

நோர்வே திருச்சபைப் போதகர்களை நினைத்தால் இரக்கமாக இருக்கிறது. எந்த ஞாயிறுக்கு எந்த வேதபாகம் என்று மூன்று வருஷச் சுற்றாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிடிக்காத பகுதியையும் வாசித்துத்தான் ஆக வேண்டும். துணிந்து பேசினாலும் வம்புதான்: 1953 ஜனவரியில் இதே ஊர் இறையியல் பேராசிரியர் ஓலே ஹாலெஸ்பி வானொலியில் நரகத்தைப் பற்றிப் பேச, ஹாமார் பேராயர் மறுக்க, நாடே கிடந்து சண்டை பிடித்தது. எங்கள் ஐயாவால் யாருடைய தூக்கமும் கெட்டதில்லை, பிரசங்க நேரத்திலும்.

ஆனாலும் அவருடைய படிப்பின் சிகரம் வருஷ வாக்குத்தத்த அட்டைதான். எரேமியா 29:11. போன வருஷமும் அதுவே, அதற்கு முந்தின வருஷமும் அதுவே. கீழே வருஷம் மட்டும் மாறும். அச்சுக்கூலியில் எவ்வளவு மிச்சம்! அந்த அதிகாரம், ஊரைவிட்டுப் பாபிலோனில் கிடந்தவர்களுக்குப் போன கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று தொடங்கி, திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனத்தில் சொல்லிவிடுகிறது. இங்கே குரூருட்டில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டே யாழ்ப்பாணத்து வளவை நினைத்திருக்கும் எங்களிடம் இதைச் சொன்னால் மனம் நோகாதா? அதனால் பதினொன்றில் வரும் நல்ல வாக்கை மட்டும் கத்தரித்துத் தருகிறார். எட்டிலும் ஒன்பதிலும் கர்த்தர் அனுப்பாத தீர்க்கதரிசிகளைப் பற்றி எச்சரிக்கை இருக்கிறது. அதைப் பற்றி ஐயா மூச்சு விட்டதில்லை. தன்னைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு அவ்வளவு கூச்சம்.

ஆழ்ந்து தியானிக்க ஜனவரி முழுதும் வெயில் தீவான கிரான் கனாரியாவில் தங்க விடுப்புக் கேட்டிருக்கிறார். எதற்கும் ஒத்துப்போகாத எங்கள் சபைக்குழு முதல்முறையாக ஒரே குரலில் சம்மதித்தது. பெப்ரவரியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பொருளாளர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்.