எத்தனை கை வேண்டும்?

கேள்வி: தாய், தொழுகையாளி, மகப்பேறு மருத்துவர். மூன்றையும் ஒரே ஆளாக எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (கல்லூரி ஆசிரியை, வாணியம்பாடி)

ஒரே ஆளாக இல்லை. காலையில் டிபன் பாக்ஸ் கட்டுவது என் மாமி. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் இருப்பது என் கணவர். ஷூ சைஸ், தடுப்பூசித் தேதி, பெற்றோர் கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்து ஃபிளாட் அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று சக மருத்துவருடைய டூட்டியை நான் பார்க்கிறேன், பெருநாளன்று என்னுடையதை அவர் பார்க்கிறார். இத்தனை பேர் தாங்கிப் பிடிப்பதை என் சாமர்த்தியம் என்று பாராட்டினால் அவர்கள் உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும். அதைவிட மோசம், இந்த ஆதரவெல்லாம் வாய்க்காத பெண்ணுக்குச் சாமர்த்தியம் பத்தவில்லை என்று ஆகிவிடும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கேள்வி: இதே கேள்வியை ஆண் டாக்டர்களிடம் யாராவது கேட்கிறார்களா? (வாசகர், நாகர்கோவில்)

நான் கேட்கிறேன். புதிதாகச் சேரும் இளம் மருத்துவரிடம், ஆணோ பெண்ணோ, "பிள்ளையை யார் பார்த்துக்கறாங்க?" என்று விசாரிப்பேன். ஆண்களிடமிருந்து அம்மா, மனைவி, அக்கா என்று ஏதாவது ஒரு பெண்ணின் உறவுமுறைதான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. "நான்தான் பார்த்துக்கறேன் மேடம், செவ்வாய் மட்டும் நைட் டூட்டி வேண்டாம்" என்றார் ஒருவர். அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் தொட்டதே இல்லை.

கேள்வி: தொழுகை நேரத்தில் அவசரமாக ஒரு பிரசவம் வந்தால்? (மருத்துவ மாணவி, திருச்சி)

உயிர்தான் முதலில். உயிரைக் காக்கும் வேலையில் தொழுகை தவறிப்போனால் அதைக் களாவாகத் தொழுதுகொள்ள மார்க்கம் இடம் தருகிறது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் சில நிமிடங்களில் ஒரு தாய் நம் கையை விட்டுப் போய்விடுவாள். ஒரு மஃரிப் நேரம். பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது, என் கைக்குக் கீழே ஒரு பெண்ணின் அடிவயிறு பிசைந்த மாவு போலத் தொளதொளவென்று இருக்கிறது. ஆக்ஸிடோசின் ஓடுகிறது, டிரானெக்ஸாமிக் அமிலம் ஏற்றியாயிற்று (பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டிய மருந்து அது). ஸ்டாஃப் நர்ஸ் இரத்த அழுத்தத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, நடுவில் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அப்போது வாயில் துஆ தானாக ஓடும், கை மட்டும் நிற்காது. மெல்ல மெல்ல விரல்களுக்குக் கீழே அது இறுகியது. அவளை வார்டுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒளுச் செய்யப் போனேன். அந்தத் தொழுகை தாமதமானது என்று ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை.

கேள்வி: ஆறாம் மாதம். நோன்பு வைக்கலாமா? மாமியார் வைக்கச் சொல்கிறார், கணவர் வேண்டாம் என்கிறார். (இல்லத்தரசி, காயல்பட்டினம்)

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நபிமொழி வழியாக அதே சலுகை உண்டு. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, இரட்டைக் குழந்தை இவற்றில் எது இருந்தாலும் என் பதில் 'வைக்காதீர்கள்'. எதுவும் இல்லாமல், மனசும் விரும்பினால், பரிசோதனை செய்துகொண்டு பாருங்கள். தலைசுற்றல் வந்தால், சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைந்தால், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், இஃப்தாருக்கு ஐந்தே நிமிடம் இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சலுகை தந்தவனே அல்லாஹ்தான். அதை எடுத்துக்கொள்ளக் கூச்சம் எதற்கு? நோன்புக்கஞ்சியை மட்டும் எப்படியும் குடியுங்கள்.

கேள்வி: குடும்பம், இறைநம்பிக்கை, பெண்கள் மருத்துவம் மூன்றிலும் நிலைத்து நின்ற முன்னோடி என்று யாரைச் சொல்வீர்கள்? (வாசகி, சேப்பாக்கம்)

நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே இருக்கிறது விடை. கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை 1885-இல் தொடங்கிவைத்தவர் மேரி ஷார்லீப். லண்டனில் பிறந்தவர். 1865-இல் பாரிஸ்டர் ஒருவரை மணந்து, அடுத்த ஆண்டு மதராஸ் வந்தார். கோஷாவில், அதாவது திரைமறைவில், இருக்கும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடியாமல் பிரசவத்தில் மாண்டுபோவதைக் கேள்விப்பட்டார். வெறும் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, 1875-இல், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் நான்கு பெண்களில் ஒருவர். 1878-இல் தேர்ச்சி. பிறகு லண்டன் போய் 1882-இல் அங்கும் பட்டம், மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கம். மறுபடி மதராஸ். அதன் பிறகுதான் பெண்களே பெண்களுக்கு மருத்துவம் பார்க்கும் அந்த ஆஸ்பத்திரி.

ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர் அவர். அந்த நம்பிக்கையோடு வந்தவர் கட்டிய இடத்தில் கோஷா முஸ்லிம் பெண்ணும் ஆசாரமான இந்துப் பெண்ணும் தங்கள் வழக்கம் கெடாமல் படுத்து எழ முடிந்தது. ஒரு மருத்துவரின் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தெரியாது. அவரோடு முரண்படும் இடமும் எனக்கு உண்டு. பிற்காலத்தில் கருத்தடையை அவர் எதிர்த்தார். வருஷத்துக்கு ஒரு பிரசவம் என்று சோர்ந்து வரும் பெண்களை நாள்தோறும் பார்க்கிற நான் அந்தப் பக்கம் நிற்க முடியாது.

அவர் கதையைப் படித்ததும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி: அவர் கல்லூரிக்குப் போன நேரத்தில் மூன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்தக் கால மதராஸில் வெள்ளைக்கார வீடுகளில் ஆயாக்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். கோஷா ஆஸ்பத்திரியைத் தாங்கி நின்றவர்களில் அந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன்.

கேள்வி: ஆண் டாக்டர் பிரசவம் பார்த்தால் கூடாது என்கிறார்கள் எங்கள் வீட்டில். (வாசகி, அதிராம்பட்டினம்)

பெண் டாக்டர் இருந்தால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. இல்லையென்றால் இருக்கிற டாக்டர் பார்க்கட்டும். நிர்ப்பந்தத்தில் அது கூடும் என்பதில் உலமாக்களிடையே குழப்பமில்லை.

திண்டிவனத்தில், 1890-களில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரு அமெரிக்கப் பெண்ணின் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். அந்தப் பெண்ணின் அப்பாவே டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மருத்துவத்தில் விருப்பமே இல்லாதிருந்த அந்தப் பெண், ஐடா ஸ்கடர், அமெரிக்கா போய்ப் படித்து, 1899-இல் டாக்டராகி, வேலூருக்குத் திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். 1918-இல் அங்கே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். அதுதான் பிற்பாடு சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆனது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் சொல்வது: பெண் டாக்டர் வேண்டும் என்றால் உங்கள் பேத்தியைப் பன்னிரண்டாவதோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: காப்பர்-டி போட மார்க்கம் அனுமதிக்கிறதா? (வாசகி, கம்பம்)

கஸ்ஸாலி இமாம் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருத்தரிப்பைத் தவிர்க்கும் அஸ்ல் முறையை விவாதித்து, மனைவியின் உடல்நலத்தைக் கருதிச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறார். காப்பர்-டியைத் தற்காலிகமான அதுபோன்ற ஒன்றாகத்தான் ஆலிம்கள் பலரும் பார்க்கிறார்கள். எடுத்துவிட்டால் மறுபடி கருத்தரிக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். வேண்டுமா என்பதை நிறைமாதத்துக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வலியில் துடிக்கும்போது கேட்டு வாங்கும் சம்மதம் எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: மார்க்கப் பற்றுள்ள நீங்கள், கருக்கலைப்புக்கு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்புவீர்களா? (பெயர் வேண்டாம், சென்னை)

மாட்டேன். என் நம்பிக்கைக்குக் கணக்குக் கேட்கப்படுவது என்னிடம்தான். அதை வேறொரு பெண்ணின் உடம்பில் நிறைவேற்றப் பார்ப்பது எனக்குப் பக்தியாகத் தெரியவில்லை. இஸ்லாமியச் சட்ட மரபிலும் இது ஒரே வரியில் முடிந்த விஷயமல்ல. 120 நாளைக்கு முன், பின் என்று நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள், தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தாயைக் காக்கலாம் என்றே இன்றைய ஆலிம்கள் பலரும் சொல்கிறார்கள்.

நாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல், குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள். 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்து கேட்பவர்கள் சட்டத்தில் இல்லாததைக் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பெயரை வெளியே சொல்வது குற்றம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைத் தீர்க்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம்.

கேள்வி: ஆணா பெண்ணா என்று ஜாடையாகவாவது சொல்லலாமே? (வாசகர், உசிலம்பட்டி)

சொல்ல மாட்டேன். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜாடையும் குற்றம். ஆண் பிள்ளைக்கான குரோமோசோம் தகப்பனிடமிருந்து வருகிறது, அதனால் மருமகளைக் குறைசொல்லவும் வழியில்லை.

கேள்வி: ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு பி.ஜி. படிப்புக்குத் திரும்புகிறேன். பாலூட்டுவதை நிறுத்திவிடவா? (இளம் மருத்துவர், மதுரை)

நிறுத்த வேண்டாம். கறந்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள் வைக்கலாம். வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தை 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், பேறுகால விடுப்பு 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது. படிப்பவர்களுக்கு இவை எட்டுவதில்லை என்று துறைத்தலைவர் சொன்னால், சட்டப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அறையும் ஒரு தாழ்ப்பாளும் மட்டும் கேளுங்கள். எனக்குப் பயிற்சிக்காலத்தில் அதுகூடக் கிடைக்கவில்லை. துணி மாற்றும் அறையில் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றபடி பால் கறந்தேன். தாய்ப்பாலின் அருமையைப் பகலெல்லாம் வார்டில் பேசும் துறை, தன் மருத்துவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரக் கூடாதா? தனியாகக் கேட்காதீர்கள். உங்கள் பேட்சில் கல்யாணம் ஆகாதவர்களையும் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: நைட் டூட்டி நர்ஸ் நான். குழந்தைக்கு நான்கு மாதம். குற்ற உணர்ச்சி தின்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. உங்கள் பிள்ளைகள் கேட்டதே இல்லையா? (செவிலியர், ஈரோடு)

கேட்டிருக்கிறார்கள். மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்னால் போக முடியவில்லை. உன்னைவிட நோயாளி முக்கியம் என்று நான் சொல்லவில்லை, அது பொய். "வர முடியல, எனக்கும் வருத்தமா இருக்கு" என்றேன். அன்று ராத்திரி சமையலறையில் முழு நாடகத்தையும் எனக்காக ஒருதரம் நடித்துக் காட்டினாள். அவள் வாப்பா இரண்டு கையையும் விரித்து மரமாக நின்றார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அழுகை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருந்து உண்டு, குணமாகும். இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குழந்தைக்கோ உங்களுக்கோ தீங்கு செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது எழுப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்பிக்கை குறைந்ததால் வருவதல்ல இது. "நல்லாத் தொழுதா சரியாயிடும்" என்பவர்களிடம், தொழுகையோடு மாத்திரையும் உண்டு என்று சொல்லுங்கள்.

கேள்வி: பேரன் பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல வேண்டும். எத்தனை நிமிடத்தில் குழந்தையை வெளியே தருவீர்கள்? (வருங்காலத் தாத்தா, கீழக்கரை)

முதல் ஒரு மணி நேரம் தர மாட்டோம். குழந்தை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கிடந்து, அந்தச் சூட்டில் முதல் பால் குடிக்க வேண்டும். அதற்காகப் பாங்கு காத்திருக்கவும் வேண்டாம். குழந்தை இருக்கும் இடத்துக்கே நீங்கள் வரலாம், உங்கள் மருமகள் சரி என்றால். சட்டைக்கு மேலே நாங்கள் தரும் கவுனைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள், அடுத்த படுக்கையில் வலியோடு ஒருத்தி இருப்பாள். பேத்தி பிறந்தாலும் இதே ஏற்பாடுதான்.